லோயரிங் ஸ்பிரிங் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

காரைத் தாழ்த்த நினைப்பவர்கள் லோயரிங் ஸ்பிரிங்கைத் தேடத் தொடங்கியதும் முதலில் கண்ணில் படுவது ஓர் எண்தான். 30 மி.மீ., 45 மி.மீ. என்று பெட்டியின் மேலேயே இறக்கத்தை அச்சிட்டிருப்பார்கள். டயருக்கும் அதன் மேலுள்ள உடல் தகடான ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு குறையும் என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது. ஆனால் ஒரே ஸ்பிரிங்கைப் போட்ட இருவரில் ஒருவர் வண்டி அருமையாகப் போகிறது என்கிறார், இன்னொருவர் பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தாலே இடிக்கிறது என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

வண்டி எவ்வளவு இறங்கும் என்பது பெட்டியில் இருக்கிறது. இறங்கிய பிறகு சக்கரம் மேலே எழும்ப எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது அதில் இல்லை. தாழ்த்திய காரில் வரும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை அந்த மிச்ச இடத்தையும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் (ஆர்ம்களின்) கோணத்தையும் பொறுத்தவை. இரண்டையும் வாங்குவதற்கு முன்பே ஓரளவு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஸ்பிரிங்கின் வேலை, ஷாக்கின் வேலை

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. வாயு அடைத்த சில ஷாக்குகள் சிறிது தூக்கிக் கொடுக்கும் என்றாலும், வண்டியின் உயரத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்தான்.

இனி வரும் கணக்குகளுக்கு நான்கு சொற்கள் தெரிந்தால் போதும்.

1. விறைப்பு: ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. ஜப்பானியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் கிலோ/மி.மீ. என்றும், ஐரோப்பியத் தயாரிப்புகளில் நியூட்டன்/மி.மீ. என்றும், அமெரிக்கத் தயாரிப்புகளில் பவுண்டு/அங்குலம் என்றும் போட்டிருக்கும். 1 கிலோ/மி.மீ. என்பது 9.8 நியூட்டன்/மி.மீ., அல்லது 56 பவுண்டு/அங்குலம்.
2. மேல் பயணம்: வண்டி சும்மா நிற்கும் நிலையிலிருந்து, பம்ப் ஸ்டாப்பில் முட்டும்வரை சக்கரம் மேலே எழும்பக்கூடிய தூரம்.
3. கீழ்ப் பயணம்: அதே நிலையிலிருந்து, ஷாக் முழுவதும் நீளும்வரை சக்கரம் கீழே தொங்கக்கூடிய தூரம்.
4. பம்ப் ஸ்டாப்: ஷாக்கின் தண்டில் கோத்திருக்கும் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் துண்டு. இரும்பு இரும்பில் மோதாமல் கடைசியில் தாங்கிக்கொள்ளும்.

ஒரு ஸ்பிரிங்கின் விறைப்பு மூன்று அளவுகளில் அடங்கியிருக்கிறது: கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. இதில் கம்பியின் தடிமன்தான் பெரிய ஆள். அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு ஏறும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. கம்பி போட்டால் விறைப்பு ஏறக்குறைய 38 சதவீதம் கூடிவிடும். கையில் எடுத்துப் பார்த்து "இது கொஞ்சம்தான் தடிமன்" என்று சொல்வதை நம்பக்கூடாது.

30 மி.மீ. இறக்கினால் உண்மையில் என்ன குறைகிறது

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். முன்சக்கரம் ஒன்றின் ஸ்பிரிங் 350 கிலோ தாங்குகிறது. அதன் விறைப்பு 2.5 கிலோ/மி.மீ. அப்படியானால் வண்டி நிற்கும்போது ஸ்பிரிங் 140 மி.மீ. அமுங்கியிருக்கும். மேல் பயணம் 70 மி.மீ., கீழ்ப் பயணம் 90 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு காருக்கும் இந்த எண்கள் மாறும். சாதாரணப் பயணிகள் கார் ஒன்றை மனதில் வைத்துத்தான் இவற்றைச் சொல்கிறேன்.

இப்போது 30 மி.மீ. இறக்கும், 30 சதவீதம் விறைப்பு கூடிய ஸ்பிரிங் போடுகிறோம். புதிய விறைப்பு 3.25 கிலோ/மி.மீ. மேல் பயணம் 70-லிருந்து 40 ஆகிவிட்டது. பள்ளத்தில் ஏறி இறங்கும்போது, பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன் ஸ்பிரிங் விழுங்கக்கூடிய ஆற்றல், விறைப்பையும் பயணத்தின் வர்க்கத்தையும் பெருக்கி, அதில் பாதி எடுத்தால் வருவது. பழைய ஸ்பிரிங்குக்கு அது 6,125 என்றால், புதியதற்கு 2,600. விறைப்பைக் கூட்டியும்கூட, முன்பு தாங்கியதில் பாதியைக்கூட அது தாங்கவில்லை. பழைய அளவையே தாங்க வேண்டுமானால் விறைப்பு மூன்று மடங்காக இருந்திருக்க வேண்டும். அவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்கோடு தினசரி ஓட்ட முடியாது என்பதால் யாரும் அப்படித் தயாரிப்பதில்லை.

மீதி ஆற்றல் எங்கே போகிறது? கொஞ்சம் ஷாக்குக்கு, பெரும்பங்கு பம்ப் ஸ்டாப்புக்கு. "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு" என்று பலர் சொல்வது உண்மையில் ஸ்பிரிங்கின் விறைப்பை அல்ல. 30 சதவீத வித்தியாசத்தில், வண்டி ஆடும் வேகம் நொடிக்கு சுமார் 1.3 தடவையிலிருந்து 1.5 தடவையாகிறது, அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பவர் உணரும் அந்த 'டப்' என்ற வெட்டு, பம்ப் ஸ்டாப்பில் முட்டுவதால் வருவது. சிறிய மேடுகளில் நன்றாகப் போய், பெரிய பள்ளத்தில் மட்டும் திடீரென்று முட்டினால் சந்தேகமே வேண்டாம், மேல் பயணம் தீர்ந்துபோகிறது.

பின்பக்கம் இது இன்னும் மோசம். முன்பக்க எடை பெரிதாக மாறாது, எஞ்சின் அங்கேயேதான் இருக்கிறது. பின்பக்கத்தில் ஆளும் சாமானும் ஏறி இறங்கும். பின் ஸ்பிரிங்கும் இதே விறைப்பு, இதே மேல் பயணம் என்று வைத்துக்கொண்டால், பின்அச்சில் கூடுதலாக 200 கிலோ ஏறும்போது ஒரு சக்கரத்துக்கு 100 கிலோ. பழைய ஸ்பிரிங் 40 மி.மீ. அமுங்கும், பள்ளத்துக்கு இன்னும் 30 மி.மீ. பாக்கி இருக்கும். புதிய ஸ்பிரிங் 31 மி.மீ. அமுங்கும், பாக்கி 9 மி.மீ. அந்த நிலையில் வண்டி ஏறக்குறைய பம்ப் ஸ்டாப்பின் மேலேயே ஓடுகிறது. தனியாக ஓட்டுகிறவர் திருப்தியாகவும், குடும்பத்தோடு ஓட்டுகிறவர் கடுப்பாகவும் இருப்பதற்குக் காரணம் இந்த 9 மி.மீ.தான்.

ஸ்பிரிங் தளர்ந்துபோகும் ஆபத்து

இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் பேச வேண்டும். புதிய ஸ்பிரிங் விறைப்பு கூடியது என்பதால் அதே 350 கிலோவுக்கு 108 மி.மீ. மட்டுமே அமுங்கும். முன்பு அமுங்கிய 140-ஐ விட இது 32 குறைவு. அதற்கு மேல் 30 மி.மீ. இறக்கவும் வேண்டும். ஆகவே சும்மா கழற்றி வைத்திருக்கும்போது புதிய ஸ்பிரிங் பழையதை விட 62 மி.மீ. குட்டையாக இருக்கும். பெட்டியைத் திறந்ததும் "30 என்று சொல்லிவிட்டு 60 குறைத்து அனுப்பியிருக்கிறார்களே" என்று பயப்படத் தேவையில்லை, அது சரிதான்.

பிரச்சினை வேறு இடத்தில் வருகிறது. ஷாக்கின் நீளம் மாறவில்லை. வண்டி 30 மி.மீ. கீழே வந்ததால் கீழ்ப் பயணம் 90-லிருந்து 120 ஆகியிருக்கிறது. ஸ்பிரிங் அமுங்கியிருப்பதோ 108 மி.மீ. சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே 12 மி.மீ. இடைவெளி விழுந்துவிடும். ஜாக்கியில் தூக்கும்போதோ, சக்கரம் ஒரு நொடி அந்தரத்தில் தொங்கும்போதோ ஸ்பிரிங் கழன்று கோணலாக உட்காரலாம். 'கடக் கடக்' என்ற சத்தம் முதல் அறிகுறி. இருக்கையை விட்டு முழுவதும் விலகினால் டயரையோ பிரேக் குழாயையோ உரசக்கூடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஸ்பிரிங்கின் ஒரு முனையில் நெருக்கமாகச் சுற்றிய மெல்லிய சுற்றுகளை வைப்பது. வண்டி நிற்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிப்போய்ச் சும்மா இருக்கும், சக்கரம் தொங்கும்போது மட்டும் விரிந்து இடைவெளியை நிரப்பும். இன்னொன்று, தண்டு குட்டையான ஷாக்கைப் போடுவது. பில்ஸ்டைன் நிறுவனத்தின் பி6 ஷாக் வழக்கமான நீளத்தில் வருவதும், பி8 ஷாக் குட்டையாக வருவதும் இதனால்தான். தாழ்த்திய வண்டிக்கு உரியது பி8.

ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்துவது ஏன் கூடாது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. வேலை செய்யும் சுற்று ஆறு உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும், நீளமும் குறையும், ஆனால் தளர்வைத் தடுக்க எதுவும் இருக்காது. இருக்கையில் பொருந்தும் முனையின் வடிவமும் போய்விடும். தீயில் காட்டிச் சூடாக்கி உட்கார வைப்பது அதைவிடக் கேடு. உருக்கின் பதமே கெட்டு, எப்போது உடையும் என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிடும். செலவு குறைவு என்று யார் சொன்னாலும் இந்த இரண்டையும் செய்யாதீர்கள்.

நேர் விறைப்பா, ஏறு விறைப்பா

எவ்வளவு அமுக்கினாலும் ஒரே விறைப்பு காட்டுவது நேர் ஸ்பிரிங், லீனியர் என்பார்கள். அமுங்க அமுங்க விறைப்பு ஏறுவது புரோகிரஸிவ். பின்னதில் சுற்றுகளுக்கு இடையே தூரம் ஒரே சீராக இருக்காது. நெருக்கமான சுற்றுகள் முதலில் ஒட்டிக்கொள்ள, வேலை செய்யும் சுற்றுகள் குறைந்து விறைப்பு ஏறுகிறது.

தினசரி ஓட்டத்துக்கு புரோகிரஸிவ் நல்லது என்பார்கள். பொதுவாக ஒத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நெருக்கமான சுற்றுகள் வண்டி நிற்கும்போதே முழுவதும் ஒட்டிவிட்டால், அதன் பிறகு அது நேர் ஸ்பிரிங்தான். தளர்வைத் தடுக்கத்தான் அந்தச் சுற்றுகள், சொகுசுக்கு அல்ல. எண்களைக் கொடுக்கும் தயாரிப்பாளரிடம் இதைச் சரிபார்க்கலாம். 'புரோகிரஸிவ்' என்ற சொல்லை மட்டும் போட்டுவிட்டு எண் தராதவர்களிடம் முடியாது.

தாழ்ந்தால் வளைவில் உண்மையிலேயே நன்றாகப் போகுமா

போகும், ஆனால் எதிர்பார்க்கும் காரணத்தால் அல்ல. வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 550 மி.மீ. உயரத்தில் இருந்தது, 30 இறங்கி 520 ஆனது என்று வைத்துக்கொண்டால், வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடை 5.5 சதவீதம்தான் குறையும். ஓட்டுபவர் உணரும் மாற்றத்தில் பெரும்பங்கு கூடிய விறைப்பால் வருவது. வண்டி மெதுவாகச் சாய்வதற்குப் பதில் சட்டென்று நிலைக்கு வருகிறது, ஸ்டியரிங் திருப்பியதும் மூக்கு திரும்புகிறது.

இதற்கு எதிராக வேலை செய்யும் ஒன்றும் இருக்கிறது. முன்பக்கம் ஸ்ட்ரட் வகைச் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருப்பது) உள்ள கார்களில், சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையை விடச் சற்றுக் கீழே இருக்கும்படி வடிவமைத்திருப்பார்கள். வண்டியைத் தாழ்த்தினால் அந்த ஆர்ம் கிடைமட்டத்துக்கு வரும், இன்னும் தாழ்த்தினால் எதிர்ப்பக்கம் சாயும். வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அது ரோல் சென்டர். ஆர்மின் கோணம் மாற மாற அது ஈர்ப்பு மையத்தை விட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவிலான தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீண்டுவிடுகிறது. எனவே 50 மி.மீ. தாழ்த்திய கார், அதே விறைப்பில் 25 மி.மீ. தாழ்த்திய காரை விட அதிகமாகச் சாய வாய்ப்பு உண்டு. ஓட்டத்துக்காகத் தாழ்த்துகிறேன் என்பவர் குறைந்த இறக்கத்தோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான் புத்திசாலித்தனம். கார் தயாரிப்பாளர்களே தரும் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் பெரும்பாலும் 10 முதல் 20 மி.மீ. வரைதான் இறங்கியிருக்கும்.

டயரைத் தின்பது எது

தாழ்த்தியதும் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயத் தொடங்கும். இது கேம்பர். 30 மி.மீ. இறக்கத்துக்குப் பல கார்களில் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை மாறும். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் உடனே கேம்பரைக் குற்றம் சொல்வது வழக்கம். ஆனால் ஒரு டிகிரி கேம்பர் மட்டும் டயரை வேகமாகத் தின்றுவிடாது. பெரிய குற்றவாளி டோ.

மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது டோ. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் லோயர் ஆர்மும் வெவ்வேறு நீளம், வெவ்வேறு கோணம் கொண்டவை. வண்டி இறங்கும்போது இரண்டும் வெவ்வேறு வில்லில் நகர்வதால் சக்கரம் தானாகவே சற்றுத் திரும்பிவிடும். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தால், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது ஏறக்குறைய 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கேம்பரும் சேர்ந்திருந்தால் அந்த இழுபடல் முழுவதும் உள்விளிம்பின் மேல் விழும். நல்ல டயர் ஒன்று சில ஆயிரம் கிலோமீட்டரில் உள்விளிம்பில் மட்டும் நூல் தெரியும் அளவுக்குத் தேய்வது இப்படித்தான். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதாகவே தெரியும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து, உள்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தால்தான் புரியும்.

பின்சக்கரங்களின் நிலை காருக்குக் கார் வேறு. இரு பின்சக்கரங்களையும் ஒரே சட்டம் இணைக்கும் டார்ஷன் பீம் வகையில் தாழ்த்தியதால் கேம்பரும் டோவும் பெரிதாக மாறாது. ஒவ்வொரு சக்கரத்தையும் பல கைகள் தனியாகப் பிடிக்கும் மல்டிலிங்க் வகையில் கேம்பர் தாராளமாக ஏறும். சரிசெய்ய ஆலையிலேயே வசதி இருக்கிறதா, இல்லை தனியாக அட்ஜஸ்ட் செய்யும் ஆர்ம் வாங்க வேண்டுமா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே துண்டான பின்அச்சை ஒரு பக்கக் கம்பியால் பிடித்திருக்கும் வண்டிகளில், அதாவது பன்ஹார்டு ராட் உள்ளவற்றில், அச்சு முழுவதுமே சற்று ஒரு பக்கம் நகர்ந்துவிடும்.

ஷாக்கைப் பழையதாகவே விடலாமா

30 சதவீதம் விறைப்பு கூடினால், அதே ஷாக்கின் அடக்கும் திறன் ஒப்பீட்டளவில் 12 சதவீதம் குறைகிறது. நல்ல நிலையில் உள்ள ஷாக் இதைச் சமாளிக்கும். பாதி தேய்ந்த ஷாக் சமாளிக்காது. அதோடு, ஷாக்கின் பிஸ்டன் இதுவரை ஓடாத ஆழமான பகுதியில் இனி ஓடும், பம்ப் ஸ்டாப்பும் அடிக்கடி முட்டும். ஷாக் நிறைய ஓடியிருந்தால் ஸ்பிரிங்கோடு சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. இரண்டுக்கும் அதே கழற்றல், அதே கூலி.

இறக்கம் 30 மி.மீ. சுற்றி என்றால் வழக்கமான நீள ஷாக் பெரும்பாலும் போதும். 45, 50 என்று போனால் குட்டை ஷாக் இல்லாமல் போடுவது சரியல்ல என்பது என் கருத்து, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும்.

இரண்டு வகை வண்டிகளுக்குத் தனி எச்சரிக்கை. பின்பக்கம் நிவோமாட் போன்ற தானே உயரத்தைச் சரிசெய்யும் ஷாக் இருந்தால், எடையில் ஒரு பங்கை அந்த ஷாக்கே தாங்குகிறது. அதனால் அங்கே போட்டிருக்கும் ஸ்பிரிங்கும் இளகலானது. சாதாரண லோயரிங் ஸ்பிரிங் அதோடு பொருந்தாது. மின்னணுக் கட்டுப்பாட்டு ஷாக் உள்ள வண்டிகளுக்கும் அதற்கென்றே சொல்லப்பட்ட ஸ்பிரிங்தான் வேண்டும்.

வண்டிக்கு வெளியே வரும் மாற்றங்கள்

கிரவுண்ட் கிளியரன்ஸ் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறையும் என்பதைத் தரையிலிருந்து மட்டும் பார்க்காமல் கோணமாகப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்துக்கு முன்னே பம்பர் 850 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் அடி 200 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்றால், 13 டிகிரி சரிவில் உரசாமல் ஏறும். 35 மி.மீ. தாழ்த்தினால் அது 11 டிகிரியாகிவிடும். வேகத்தடையில் மாட்டுவதோ நடுவயிறு. சக்கரங்களுக்கு இடையே 2,600 மி.மீ., நடுவில் 165 மி.மீ. உயரம் என்றால், மேட்டைத் தாண்டும் கோணம் 14.5 டிகிரி. 35 இறங்கியதும் 11.4. சைலென்சர் குழாயும் எஞ்சினின் அடித்தட்டும் முதலில் அடிபடும். வண்டி விவரத்தில் தரும் கிளியரன்ஸ் எந்த எடையோடு அளந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆள் ஏறினால் இன்னும் இறங்கும்.

மற்றவை:

1. ஹெட்லைட்: முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காவிட்டால் ஒளி மேலேயோ கீழேயோ போய்விடும். தானே சரிசெய்யும் விளக்குகள் அச்சோடு இணைத்த உணரியைப் பார்த்து வேலை செய்பவை, அவற்றுக்கும் மறு அளவமைப்பு தேவைப்படும்.
2. கேமராவும் ராடாரும்: பாதையைக் கவனித்து உதவும் வசதிகள் உள்ள கார்களில், உயரம் மாறினால் இவற்றை மறுபடியும் அளவமைக்க வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். காரின் கையேட்டைப் பாருங்கள்.
3. பிரேக்: சில பழைய வண்டிகளிலும் சரக்கு வண்டிகளிலும் பின்அச்சின் உயரத்தைப் பார்த்து பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டும் வால்வு உண்டு. தாழ்ந்த வண்டியைச் சுமை ஏறிய வண்டி என்று அது நினைத்துக்கொள்ளும். காலியாக ஓட்டும்போது அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் சட்டென்று பூட்டிவிடலாம். இது விளையாட்டு அல்ல, வால்வைச் சரிசெய்யாமல் ஓட்டக்கூடாது.
4. டயர் உரசல்: அகலமான ரிம்மோடு சேர்த்துத் தாழ்த்தினால், முழுச் சுமையிலும் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்த நிலையிலும் ஃபெண்டரின் உள்மடிப்பில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.
5. ஜாக்கி: வழக்கமான தள்ளு ஜாக்கி அடியில் நுழையாமல் போகலாம். பஞ்சராகி டயரில் காற்றில்லாத நிலையில் காரோடு வந்த ஜாக்கி நுழைகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சட்டமும் காப்பீடும் நாட்டுக்கு நாடு வேறு. உயரத்தை மாற்றினால் ஒப்புதல் வாங்க வேண்டிய இடங்கள் பல. மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்தின்போது காப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகும். வாங்குமுன் இரண்டையும் விசாரித்துவிட வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது

1. முதலில் உங்கள் வண்டியின் மேல் பயணத்தை அளவெடுங்கள். ஷாக்கின் தண்டு கண்ணுக்குத் தெரியும் வண்டியில், தூசிக் கவரை நீக்கி, தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்காமல் பொருந்தும்படி மாட்டி, ஷாக்கின் உடலை ஒட்டி வைத்துவிடுங்கள். வழக்கமாக ஓட்டும் பாதையில், வழக்கமான சுமையோடு ஓட்டி வாருங்கள். டை எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது, பம்ப் ஸ்டாப்பைத் தொட இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பாக்கி 15 மி.மீ.தான் என்றால், 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் உங்கள் பாதைக்குப் பொருந்தாது.
2. இப்போதைய உயரத்தைச் சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து நான்கு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். இறக்கம் எந்த உயரத்திலிருந்து என்பதும் முக்கியம். ஏற்கெனவே ஸ்போர்ட் சஸ்பென்ஷனோடு வந்த வண்டியில் 30 என்று போட்ட ஸ்பிரிங் 15 மட்டுமே இறங்கக்கூடும்.
3. அச்சின் எடையைப் பாருங்கள். ஒரே மாடலில் டீசல் எஞ்சினும் பெட்ரோல் எஞ்சினும் முன்அச்சில் பல கிலோ வேறுபடும். மின்சார வகையில் வேறுபாடு இன்னும் பெரிது. ஐபாக், எச் அண்டு ஆர் போன்ற தயாரிப்பாளர்கள் அச்சின் எடை வரம்புக்கு ஏற்பத் தனித்தனிப் பகுதி எண் தருகிறார்கள். மாடல் பெயரை மட்டும் வைத்து வாங்கினால் முன்பக்கம் அதிகமாக இறங்கி மூக்கு குத்தியபடி நிற்கும், அல்லது இறங்கவே இறங்காது.
4. பின்சீட்டில் அடிக்கடி ஆள் ஏறும் வண்டி என்றால் பின்பக்க இறக்கம் குறைவாக உள்ள செட்டைத் தேடுங்கள். முன் 30, பின் 20 என்று வருவன உண்டு.
5. இறக்கத்தில் இரண்டு படிகள் இருந்தால் குறைவாக இறங்குவதை எடுங்கள். ஐபாக்கில் புரோ கிட் சுமார் 30 மி.மீ., ஸ்போர்ட்லைன் 45 மி.மீ. சுற்றி. தினசரி ஓட்டும் காருக்கு முன்னதே போதும். பார்க்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் 15 மி.மீ.தான், மேல் பயணத்திலோ அது மிச்சமிருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.
6. உயரத்தை அவ்வப்போது மாற்ற நினைத்தால் ஸ்பிரிங் செட் வேண்டாம், உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பான காயில்ஓவர் பாருங்கள். அதிலும் ஷாக்கின் உடல் நீளத்தைத் தனியாகக் குறைக்கும் வகை நல்லது. ஸ்பிரிங் இருக்கையை மட்டும் இறக்கும் வகையில் ஸ்பிரிங் தளர்ந்துபோகும் அதே கணக்குத்தான் திரும்ப வரும்.

வளைவில் சாய்வது மட்டும்தான் குறை என்றால், உயரத்தைத் தொடாமல் நல்ல ஷாக்கும் தடித்த ஆன்டி ரோல் பாரும் (இட, வலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) போட்டுப் பார்க்கலாம். கிளியரன்ஸ் அப்படியே இருக்கும்.

பொருத்தும்போது தவறவிடும் இடங்கள்

நம் எடுத்துக்காட்டில் பழைய ஸ்பிரிங், சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையிலும் 50 மி.மீ. அமுங்கியே இருக்கிறது. அதாவது ஸ்ட்ரட்டைக் கழற்றிக் கையில் எடுத்தாலும் உள்ளே 125 கிலோ விசை அடைபட்டிருக்கிறது. நல்ல ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் மேல்நட்டைத் தளர்த்தினால் உயிருக்கே ஆபத்து. பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம்.

ஒரு பட்டறையில் வண்டியைக் கொடுக்கும்போது இவற்றை வாய்விட்டுக் கேளுங்கள்:

1. பம்ப் ஸ்டாப்பை வெட்ட வேண்டுமா, மாற்ற வேண்டுமா? ஸ்பிரிங்கோடு வந்த தாளில் சொல்லியிருந்தால் மட்டும், சொன்ன அளவுக்கு மட்டும் வெட்ட வேண்டும். முழுவதும் எடுத்துவிட்டால் சில நாள் சொகுசாக இருக்கும், அப்புறம் ஷாக்கின் உட்பகுதி அடிபட்டு எண்ணெய் கசியும், டயர் ஃபெண்டரைத் தொடும்.
2. ஸ்ட்ரட் மவுண்டும் அதன் பேரிங்கும் எப்படி இருக்கின்றன? கழற்றியபோதே மாற்றாவிட்டால் பின்னால் அதற்காக மட்டும் முழுவதையும் மறுபடி கழற்ற வேண்டும்.
3. புஷ் (ஆர்ம் திரும்பும் இடத்தில் உள்ள ரப்பர் உறை) போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும் உயரத்தில் இறுக்குவார்களா? லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர், உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டவைக்கப்பட்டது. எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அதுதான் ரப்பரின் ஓய்வு நிலை. வண்டியை லிஃப்டில் தொங்கவிட்டபடியே இறுக்கினாலும், பழைய உயரத்தில் இறுக்கியதைத் தளர்த்தாமலே விட்டாலும், ரப்பர் நாள் முழுவதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சில மாதங்களில் விரிசல் விடும். ஸ்பிரிங் மாற்றியபின் புஷ் சீக்கிரம் போவதற்கு இதுவே பெரிய காரணம், அலைன்மென்ட் எத்தனை தடவை பார்த்தாலும் தீராது.
4. ஆன்டி ரோல் பாரை இணைக்கும் லிங்க் ராட் எதிலாவது முட்டுகிறதா, பிரேக் குழாயும் உணரிக் கம்பியும் இழுபடாமல் இருக்கின்றனவா?

வீல் அலைன்மென்டை இரண்டு தடவை செய்ய வேண்டும். பொருத்திய அன்றே ஒருமுறை, சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு மறுமுறை. புதிய ஸ்பிரிங் முதலில் சில மில்லிமீட்டர் இறங்குவது வழக்கம், அந்த இறக்கத்தோடு டோவும் சற்று நகரும். இரண்டாவது அலைன்மென்டின்போது சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர்வரை மறுபடி அளந்து, பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். இடமும் வலமும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் காட்டினால், ஸ்பிரிங்கின் முனை இருக்கையின் படியில் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகிக்கலாம். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஹெட்லைட்டைச் சுவரில் அடித்து அளவு பார்த்து, டயரின் உள்விளிம்பை மாதம் ஒருமுறை தடவிப் பார்த்து வந்தால் போதும்.